கம்பவுண்டர் திரும்பி நின்று எடுத்த படம்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதும்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? குருநாதன். காரைக்குடி செக்காலையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிறார். காய்ச்சலுக்குச் சிவப்புத் தண்ணீர், வயிற்று வலிக்கு வெள்ளைத் தண்ணீர் என்று பாட்டிலில் ஊற்றி, அளவு தெரியக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டி, வேளைக்கு ஒரு பல் குடிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புவார். டாக்டர் பெயர் தெரியாதவர்களுக்கும் கம்பவுண்டரைத் தெரியும்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. நான் எவ்வளவு கத்தினாலும் பதிலுக்குக் கத்தமாட்டார். கத்தாத மனிதரோடு சண்டை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். இரண்டாவது, அந்தக் கேமரா.

பினாங்கிலிருந்து திரும்பிவந்த பள்ளத்தூர்க்காரர் ஒருவர் தீராத இருமலுக்கு ஆறு மாதம் இவரிடம் மருந்து வாங்கினார். இருமல் நின்றதும் சந்தோஷத்தில் இதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜப்பான் சாமான். கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். கழுத்தில் மாட்டி, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தால் எதிரில் இருப்பது உள்ளே தெரியும். ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தால் குழம்புச் சட்டியில் எதையோ தேடுகிற மாதிரி இருக்கும்.

எல்லாரும் செய்கிறபடி ஆளை நிற்க வைத்து எடுத்தாலாவது பரவாயில்லை. இவருக்கு அது பிடிக்காது. "நிக்கச் சொன்னா மனுசன் மரமாயிருறான். அவன் அவன்பாட்டுக்கு இருக்கணும், அப்ப எடுக்கணும்" என்பார். அதனால் எங்கள் வீட்டில் இருக்கிற என் படங்கள் எல்லாம் வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு முடியை அள்ளுவதும், உரலுக்குள் தலையை விட்டுக் கழுவுவதுமாக இருக்கின்றன. யாரிடமும் காட்ட முடியாது. இந்தக் கிறுக்குக்கும் ஒரு நாள் வேலை வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மானகிரிப் பெத்தன் இவரோடு எட்டாம் வகுப்புவரை படித்தவர். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே பனி மலைப்பக்கம் இருந்தார். அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் அவருக்குக் கல்யாணம். லீவில் வந்தவர், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்திரிகை வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, போகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார்.

அப்படிப்பட்ட படங்களை எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பார்க்கலாம். உயிரோடு இருக்கிறவரை யாரும் படம் பிடித்துக்கொள்ளமாட்டார்கள். ஆள் இறந்தபிறகுதான் ஸ்டுடியோவுக்கு ஆள் போகும். குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டு ஆட்கள் சுற்றி நின்று ஒரே ஒரு படம். பெத்தனின் ஐயா, அவரைப் பெற்றவர், எட்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தபோது எடுத்தது இது. ஐயாவின் தலை சாய்ந்துவிடாமல் பெத்தனின் ஆத்தா ஒச்சம்மாள் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"எங்க ஆத்தா மொகம்னு எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான் குரு. அங்க பனிக்குள்ள ஒக்காந்து இதத்தான் எடுத்து எடுத்துப் பாக்குறேன். பாக்கப் பாக்க ஆத்தா இன்னமும் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரியே தோணுது. எனக்கு ஆத்தா சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்டா."

"கல்யாணத்துக்குத்தான் ஸ்டுடியோக்காரரு வாராருல்ல?" என்று நான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"கேமராவைக் கண்டா ஆத்தா வீட்டுக்குள்ள போயிரும் தங்கச்சி. 'என்னைய நாக்காலியில ஒக்கார வச்சு மாலை போடுற அன்னைக்கு எடுத்துக்கங்க'ங்கும். இதுல தாலி கட்டுற எடத்துக்கும் வராது. பின்னால அடுப்படியில தான் இருக்கும். அதுக்குத் தெரியாமத்தான் எடுக்கணும்."

என் வீட்டுக்காரர் ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமா, வேண்டாமா? படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அடுப்பு கெழக்க பாத்துப் போடுறாங்களா, வடக்க பாத்தா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை டங்கென்று எடுத்தேன். பெத்தன் முகம் தெளிந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான், அதுதான் சரியான பதில் என்று தெரிந்தது. வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த பத்து நாளும் எங்கள் வீடு வீடாக இல்லை. டிஸ்பென்சரியில் காது கழுவுகிற ரப்பர் பந்து இருக்கிறதே, அதில் புதிதாக ஒன்று கொண்டுவந்து, கேமராவுக்குள் புஸ்புஸ்ஸென்று ஊதித் தூசி எடுத்தார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கண்ணாடிகளைத் துடைத்தார். வீடே ஊசி போடுகிற இடம் மாதிரி மணத்தது. தோல் உறை புதுச் செருப்பு மாதிரி கீச்சிட்டது. ஒச்சம்மாள் காதில் விழுந்துவிடும் என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். பளபளவென்று மின்னுகிற விளிம்புகளில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, அதன்மேல் பேனா மையைத் தடவினார்.

"என்ன, கேமராவுக்கு அடிபட்டிருச்சா? கட்டுப் போடுறீக" என்றேன்.

"மினுக்குனா கண்ணுக்குத் தெரிஞ்சிரும் வல்லி" என்றார், பொறுமையாக. நான் கேலி செய்வதுகூட அவருக்குக் கேள்வியாகத்தான் கேட்கும்.

ஃபிலிமும் சாதாரண ஃபிலிம் ஆகாதாம். கொட்டகை நிழலில், பளிச்சென்று விளக்கு அடிக்காமல் எடுக்கவேண்டும். அதற்கென்று வேகமான ஃபிலிம் ஒன்று உண்டாம். மதுரைக்குச் சொல்லிவிட்டு, பஸ் கண்டக்டர் மூலம் ஒரே ஒரு சுருள் வந்தது. பன்னிரண்டு படம். அதற்குமேல் கிடைக்கவில்லை.

கண்ணுக்கு இருந்த மூடியையும் கழற்றி, தோல் உறையோடு அலமாரியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். சும்மா இல்லை. முந்தின வருஷம் ஒரு திருவிழாவில் கீழ்க் கண்ணின் மூடியைக் கழற்ற மறந்து முழுச் சுருளையும் பாழாக்கியிருக்கிறார். நான் கத்துவேன் என்று என்னிடம் மறைத்துவிட்டார். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் மேல் கண் பார்க்க, கீழ்க் கண் பிடிக்க என்று எனக்கும் தெரிந்திருக்கும். நானும் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கொல்லையில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நான் ஒச்சம்மாளாக உட்கார்ந்தேன். இவர் எட்டடி தள்ளி, எனக்கு முதுகும் காட்டாமல் முகமும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, முருங்கை மரத்தைப் பார்த்தார். கேமரா மட்டும் வயிற்றுப் பக்கம் துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. கண்ணோடு வைத்துப் பார்க்கிற கேமராவில் இது நடக்காது. குனிந்து பார்க்கிற கேமராவில்தான் ஆள் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இருக்கலாம். "நீ அசை, நான் ஒம்பின்னால வாரேன்" என்றார். நான் இங்குட்டு நகர்ந்தால் உள்ளே அங்குட்டுத் தெரிகிறது. அவர் எதிர்ப்பக்கம் நகர்ந்து கொடிக்கயிற்றில் கழுத்தைக் கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பைப் படம் எடுத்திருந்தால் அதையே பெத்தனிடம் கொடுத்திருக்கலாம்.

அப்போதுதான் என் வேலையையும் சொன்னார். ஒச்சம்மாளை அந்த இடத்தில் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்து, சிரிக்க வைப்பது நான்.

"நானா? எனக்குத் திட்டத்தான் தெரியும்."

"என்னையத் திட்டு. அவுக சிரிப்பாக" என்றார்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். நான் நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். அவருடைய சைக்கிளுக்கு ஒரு பொட்டு வைத்தேன். ஒயர்க்கூடையில் துண்டுக்கு மேல் கேமரா தயாராக உட்கார்ந்திருந்தது. ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறது, அதிலும் ஒரு தாய்க்காகப் போகிறது, வெறுமனேயா அனுப்புவது? மேல் கண்ணில்தானே அவர் எப்போதும் பார்க்கிறார், கீழ்க் கண் சும்மாதானே இருக்கிறது என்று அதன் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, மனசாரக் கும்பிட்டுத் துண்டால் மூடினேன். போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோனேன்.

மானகிரியில் பெத்தன் வீட்டு முன்னால் பந்தல், மேளம், ஸ்டுடியோக்காரர் தண்டாயுதபாணியின் முக்காலி எல்லாம் இருந்தன. நாங்கள் நேராகப் பின்பக்கம் போனோம். கீற்றுக் கொட்டகையில் மூன்று அடுப்புகள் எரிந்தன. ஒச்சம்மாள் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அகப்பையும் கையுமாக எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா ஆத்தா, வல்லி. வெறுங்கையோடயா வந்த? இந்தா, வெங்காயத்த உரி" என்று முறத்தைத் தள்ளினார். நான் எங்களுக்கு வேண்டிய இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவரும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கிழக்கு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. எட்டடி தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கேமராவைத் துண்டோடு அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டு, தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பதும் குனிவதுமாக நின்றார்.

நான் ஆரம்பித்தேன். இருமலுக்குக் கொடுத்த மருந்தை ஒருவர் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு எத்தனை பல் அளவு என்று கேட்டு வந்த கதையைச் சொன்னேன். இவர் கன்றுக்குட்டியின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்ட கதையையும் சொன்னேன். ஒச்சம்மாள் சிரித்தார். கொடிக்கயிற்றில் மாட்டியதை, காரணத்தை மட்டும் மறைத்துவிட்டுச் சொன்னேன். மறுபடியும் சிரித்தார். முன்னால் அடித்த மேளத்தில் கேமரா சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்துகிற திருகியை அவர் திருப்புவது தெரிந்தது. ஏழு படம் ஆகியிருந்தது. எனக்கு என் சாமர்த்தியத்தின்மேலேயே பெருமையாக இருந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. ஒச்சம்மாள் அகப்பையைக் கீழே வைத்து, எழுந்து நின்று, சுவரைப் பார்த்தபடியே இரண்டு கையையும் குவித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மகன் தாலி கட்டுகிறான். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நல்ல படமாக வந்திருக்கும். இவர் துண்டை இழுத்து மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். பெத்தன் கேட்டது அந்த முகத்தை இல்லை.

மேளம் ஓய்ந்தது. ஒச்சம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்பு மோரோடு இவரிடம் போனார்.

"என்ன குருநாதா, வந்ததுலருந்து தென்னமரத்தையே பாக்குற? எளநி வேணுமாப்பா?"

இவர் செம்பை வாங்கக் கையை நீட்டினார். துண்டு நழுவியது. ஒச்சம்மாள் குனிந்து பார்த்தார்.

"அடி ஆத்தி! இதுக்கு என்ன கண்ணுல சந்தனம்?"

இவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. ஒரு வினாடி கழித்து என்னைப் பார்த்தார். ஏழு சிரிப்பும் சந்தனத்துக்குப் பின்னால் போய்விட்டன. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"எந்தக் கண்ணு எதுக்குன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? பத்து நாளா எல்லாத்தையும் ஊதுனீக, தொடச்சீக, இத ஒரு வார்த்தை சொன்னீகளா?" என்று கத்தினேன்.

"நல்லா நடுவுலதான் வச்சிருக்க வல்லி" என்றார் இவர், மெதுவாக. அதில் கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. நான் கோணாமல் வைத்திருக்கிறேன் என்பதையும் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் ஒச்சம்மாளுக்கு விளங்கிவிட்டது. "என்னையவா எடுத்தீக?" என்றார். குரல் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா? நான் இன்னும் சாகலடா" என்று திரும்பி நடந்தார்.

நான் எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறைக்கச் சொன்னதெல்லாம் மறந்துபோனது. "அத்தை, ஒங்க மகன் பையில வச்சிருக்கிறது என்ன படம்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அவுக ஐயா படம். ஐயாவப் பாக்கத்தான் கொண்டுபோனான்."

"ஐயாவப் பாக்க இல்ல. பின்னால நிக்கிற ஒங்களப் பாக்க. ஒங்க மொகம்னு அதுதான் அவருக்கு இருக்கு. அங்க பனியில ஒக்காந்து அதத்தான் பாக்குறாராம்."

ஒச்சம்மாள் நின்றுவிட்டார். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. யாரோ ஓடிப்போய் விறகை இழுத்தார்கள்.

"அத நான் ஒருநாளும் பாத்ததில்ல" என்றார் கடைசியில். "எப்படி இருக்கேன் அதுல?"

நான் அவர் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் போய் உட்கார்ந்தார். "எடுடா" என்றார்.

இவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, சந்தனத்தை வழித்து, கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். நேராகவே நின்று எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்து என்ன பிரயோஜனம்? ஒச்சம்மாள் இரண்டு கையையும் முட்டியில் வைத்து, கழுத்தை நிமிர்த்தி, கண்ணை விழித்து, மரமாக உட்கார்ந்திருந்தார். மூச்சுக்கூட விடவில்லை. மீதி இரண்டே படம். இவர் "ஆச்சு சின்னாத்தா" என்று திரும்பிக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தபடி திருகியைத் திருப்ப ஆரம்பித்தார்.

ஒச்சம்மாள் அசையாமல், உதட்டைக்கூடத் திறக்காமல், "முடிஞ்சிருச்சா? மூச்சு விடலாமா?" என்றார்.

"மூச்ச யாரு அத்தை புடிக்கச் சொன்னா?"

"அன்னைக்கு அந்தப் படத்துக்கு நிக்கயில சொன்னானே ஸ்டுடியோக்காரன். 'யாரும் ஆடாதீங்க, மூச்ச விடாதீங்க'ன்னு. எங்க கொழுந்தன் தும்மிட்டாரு. சின்னவன் அழுதுட்டான். எனக்குக் கை வெலவெலன்னு ஆடுது. அம்புட்டுக் கூட்டத்துலயும்…" என்று நிறுத்தினார். அவர் வாய் ஓரம் துடித்தது. "அம்புட்டுக் கூட்டத்துலயும் அவன் சொன்ன சொல்லக் கேட்டு ஆடாம இருந்தது ஒங்க மாமா ஒருத்தருதான்டி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். எட்டு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. சிரிக்கக்கூடாது என்று கையை வாய்க்குக் கொண்டுபோனார். கை போய்ச் சேர்வதற்குள் தலை பின்னால் சாய்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் தெறித்தது. நானும் சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தினேன். இவர் மட்டும் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றுப் பக்கம் கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மேளம் இல்லை. அந்தச் சின்னச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஃபிலிமைத் தண்டாயுதபாணியின் ஸ்டுடியோவில் கழுவினார்கள். முதல் ஏழும் ஒரே மூட்டம். அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தபோது எடுத்த மூன்றும் கண்ணாடி மாதிரி வந்திருந்தன. பதினொன்றாவதைத் தண்டாயுதபாணி தள்ளி வைத்துவிட்டு, "இது வேணாம் கம்பவுண்டரே. கை ஆடிப் போச்சு" என்றார். வாய்க்குப் போகிற கை புகை மாதிரி இருந்தது உண்மைதான். "இதுதான் வேணும்" என்றார் இவர்.

பெத்தன் பட்டாளத்துக்குத் திரும்புகிற அன்று வந்து வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "ஆத்தாளுக்குத் தெத்துப்பல்லு இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சுடா" என்றார். இவர் பனியில் கெடாமல் இருக்க அதை எப்படிச் சுற்றவேண்டும் என்று காட்டிச் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து நான் மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு டிஸ்பென்சரிக்குப் போனபோது, மருந்து வாங்குகிற வரிசையில் ஒச்சம்மாள் நின்றிருந்தார். பதறிப்போய் என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். தன் முறை வரும்வரை நின்று, சன்னலுக்குள் தலையை நீட்டி, "குருநாதா, அதுல எனக்கொண்ணு வேணும்ப்பா" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டுமே. "படமே ஆகாதுன்னீக, இப்ப ஒங்க மொகத்த ஒங்களுக்கே பாக்கணுமாக்கும்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"எம்மொகத்துல என்ன ஆத்தா இருக்கு பாக்க? அவன் அங்குட்டு எதப் பாத்துக்கிட்டு இருக்கானோ, அதையே நானும் இங்குட்டு ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்."

இவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். உள்ளே டாக்டர் மணி அடித்துக் கூப்பிட்டார். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.